விர்ஜிலா விதி

“அழுதாலும் தரமுடியாதுக்கா. எண் அஞ்சுக்குக் கீழ இருந்தா பெட்டி திறக்காது” என்று விர்ஜிலா சொன்னாள்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற லில்லிபாய் அழுவதாக இல்லை. குறும்பனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கோபம்தான் முகத்தில் இருந்தது. “ஆறு வருஷமா இந்தத் தாளினியத்தான் தின்னுகேன். படபடப்பு ஒண்ணும் இல்லாம நல்லாத்தானே இருக்கேன்?”

“நல்லா இருக்கியது மாத்திரையால இல்லக்கா. மருந்து உங்களுக்க உடம்புல பிடிக்கவே இல்ல. பாருங்க, ரெண்டு புள்ளி நாலு.”

லில்லிபாய் திரையில் இருந்த எண்ணையும் அதைக் காட்டிய விரலையும் மாறிமாறிப் பார்த்தார். “எனக்க நெஞ்சு எனக்குத் தெரியாதா மக்களே?” என்று அவளைக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விர்ஜிலாவுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நாகர்கோவில் அளவகத்தின் இந்தச் சன்னலில் அவள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். எண் பொய் சொல்லாது என்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி, கேள்வி கேட்காமல் போய்வருகிற விஷயம்.

பிடி எண் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் மருத்துவர்கள் வயதைப் பார்த்து, எடையைப் பார்த்து, மீதியைக் கடவுளிடம் விட்டுவிட்டு மருந்து எழுதினார்களாம். இப்போது செருப்பு அளவு தெரியாதவன்கூடத் தன் சர்க்கரை மாத்திரையின் எண்ணைச் சொல்லிவிடுவான். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை மறந்தாலும் எண் பட்டியலை மறப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் அரசு கொடுத்த மாத்திரைப் பெட்டி ஒன்று சுவரில் திருகப்பட்டிருந்தது. எண் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் காலையில் மாத்திரை விழும். இல்லையென்றால் விழாது.

எண்ணைத் தருவது பிடிமானி. மருந்துகளில் பெரும்பாதி போய்ச் சேருகிற இடம் செல்லின் சவ்வு. சவ்வு என்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய தோல். அதில் புரதங்கள் பதிந்து கிடக்கும். மருந்தின் மூலக்கூறு வந்து அந்தப் புரதத்தில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். பிடிமானி ஒரு தங்கத் தகட்டின் மேல் நோயாளியின் புரதத்தை நிறுத்தி, அதன்மேல் மருந்துக் கரைசலை ஓடவிட்டு, அடியிலிருந்து ஒளி பாய்ச்சும். மூலக்கூறுகள் உட்கார உட்காரத் திரும்பி வரும் ஒளி ஒரு மயிரிழை சாயும். எவ்வளவு வேகமாக வந்து உட்கார்கிறது, எவ்வளவு நேரம் கழித்து எழுந்து போகிறது என்ற இரண்டையும் வைத்துப் பத்துக்குள் ஓர் எண் போடும்.

சவ்விலிருந்து பிடுங்கிய புரதம் தனியாக நிற்காது, சுருண்டுவிடும். அதனால் அதை ஒரு குட்டிக் கொழுப்பு வட்டில் பதித்து அளப்பார்கள். அதற்கு நியமத் தட்டு என்று பெயர். நாடு முழுவதுக்கும் ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே தட்டு. அப்போதுதானே டெல்லிக்காரரின் ஐந்தும் குளச்சல்காரரின் ஐந்தும் ஒன்றாக இருக்கும்.

விர்ஜிலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணை அச்சிட்ட பிறகு, அறிக்கையின் அடியில் தன் கைப்பட ஒரு வரி எழுதுவாள். ‘இன்று, இந்தத் தட்டில், இந்த வெப்பத்தில் எடுத்த எண். இவை மாறினால் எண்ணும் மாறலாம்.’ விதிப்படி அப்படி எழுதத் தேவையில்லை. இயக்குநர் வள்ளியப்பன் காரைக்குடிக்காரர், கேலி செய்யாமல் இருக்கமாட்டார். “யாரும்மா இதைப் படிக்கப் போறா? கல்யாணப் பத்திரிகையில அச்சகத்துப் பேரு மாதிரி அடியில கிடக்கு.”

“அளந்தவ எழுதணும் சார்” என்பாள் விர்ஜிலா.

தாளினி போன்ற பழைய மருந்துகளுக்கு அதுவரை விலக்கு இருந்தது. அந்த ஜனவரியில் விலக்கு போனது. லில்லிபாய் வந்துபோன மறுநாள், விர்ஜிலாவின் கணவன் ததேயு வந்து வரிசையில் நின்றான்.

ததேயு குளச்சலில் ஒரு விசைப்படகின் டிரைவர். ஒன்பது வருடத்துக்கு முன் நடுக்கடலில் அவன் இதயம் தாளம் தப்பி ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து காலையில் ஒரு தாளினி. அதன் பிறகு ஒரு நாளும் வலையைத் தவறவிட்டதில்லை. அவன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களை விர்ஜிலாவே பிடிமானியில் வைத்தாள். இரண்டு புள்ளி ஒன்று வந்தது. தகட்டைக் கழுவி மறுபடி வைத்தாள். இரண்டு. மூன்றாவது முறையும் இரண்டு புள்ளி ஒன்று.

“பாஸா, பெயிலா?” என்று கேட்டான் ததேயு.

“பெயிலு.”

“பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்” என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எண்ணைப் பதிவு செய்யும் பொத்தானை அவளே அழுத்தினாள். அன்று மாலை, மீதி மாத்திரைகளை வயிற்றில் வைத்துக்கொண்டே வீட்டுப் பெட்டி அடைத்துக்கொண்டது. மாற்று மருந்தாக நிதானின் என்று ஒன்று வந்தது. அதற்கு அவன் எண் ஏழு புள்ளி எட்டு.

மூன்றாவது வாரம், கரையிலிருந்து எட்டு மைலில், ததேயு சுக்கான் மேலேயே கவிழ்ந்து விழுந்தான். படகு வட்டமடிப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இதயம் நிமிடத்துக்கு நூற்று எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு அடக்கிவிட்டு, மருத்துவர் விர்ஜிலாவைத் தனியே கூப்பிட்டார்.

“நிதானின் இவருக்குக் கேக்கலை. இன்னொரு தடவை இப்படி ஆனா என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.”

“தாளினி எழுதுங்க டாக்டர்.”

“ரெண்டு புள்ளி ஒண்ணுக்கு எழுதினா என் உரிமம் போயிடும். அதுவும், நீங்க குடுத்த எண்தானே?”

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. பெட்டியை உடைத்தால் மாத்திரை கைக்கு வந்துவிடும். ஆனால் உடைப்பது குற்றம். அதைவிட, விர்ஜிலாவுக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை. எண்ணால் வந்தது எண்ணால்தான் போகவேண்டும் என்று நினைத்தாள். மேல்முறையீட்டு மனு போட்டால் முப்பது நாளுக்குள் விசாரணை. அன்றே மனு போட்டாள்.

முதலில் பதிவேட்டைத் திறந்தாள். ஜனவரியிலிருந்து தாளினிக்கு அளந்த கடற்கரைக்காரர்கள் அறுபத்து மூன்று பேர். அதில் ஐம்பத்தெட்டு பேருக்கு மூன்றுக்குக் கீழே. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பூதப்பாண்டி, தக்கலைப் பக்கம் எல்லாருக்கும் ஆறு, ஏழு. வள்ளியப்பனிடம் காட்டினாள்.

“கடற்கரைக்காரங்க புரதம் லேசா வேற மாதிரி வளைஞ்சிருக்கும்மா. பிறவி. அதான் மருந்து பிடிக்கலை” என்றார் அவர்.

“பிடிக்கலன்னா ஒம்பது வருஷம் எப்படி சார் வேல செஞ்சிது?”

வள்ளியப்பன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ‘எனக்க நெஞ்சு எனக்குத் தெரியாதா’ என்று லில்லிபாய் கேட்டதும் இதே கேள்விதான் என்று விர்ஜிலாவுக்கு அப்போது உறைத்தது. ஐம்பத்தெட்டு பேரையும் திருப்பி அனுப்பியது அவள்தான். வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ததேயு சும்மா படுத்திருக்க முடியாமல், அவள் வேலையைப் பற்றி முதல்முறையாக விவரம் கேட்டான். அவள் தட்டைப் பற்றிச் சொன்னாள்.

“அந்தத் தட்டுல என்ன கொழுப்பு?”

“சோயா எண்ணெயிலருந்து எடுக்கியது.”

“எனக்க உடம்புல எங்க புள்ள சோயா கெடக்கு? பொறந்ததுலருந்து நான் தின்னுகது சாளை மீனும் தேங்காயும். எனக்க புரதத்தக் கொண்டுபோய் ஊருபேரு தெரியாத எண்ணெயில போட்டா, அது எனக்க சொல்லு கேக்குமா?”

விர்ஜிலா டிபன் டப்பாவை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கே அளவகத்துக்குப் போனாள். புரதத்தைப் பிடுங்காமல், செல்லின் தோலையே ஒரு கிழிசலாக எடுத்து, அதன் சொந்தக் கொழுப்போடும் சொந்தப் புரதத்தோடும் தங்கத் தகட்டில் விரிக்கவேண்டும். சொல்வது சுலபம். கிழிசல் மடங்கியது, சுருண்டது, தகட்டில் ஒட்டாமல் கரைசலோடு ஓடியது. தன் கன்னத்தைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்குச் சாப்பிடும்போது எரிந்தது. பத்து தடவை, இருபது தடவை, முப்பது தடவை. வள்ளியப்பன் ஒருநாள் சீக்கிரம் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மறுநாள் ஒரு பெட்டி புதிய தங்கத் தகடுகள் அவள் மேசையில் இருந்தன.

நாற்பத்தோராவது கிழிசல் மடிப்பில்லாமல் படுத்தது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. ததேயுவின் செல்லை எடுத்து, அதே முறையில் விரித்து, தாளினியை ஓடவிட்டாள். ஒளி சாயத் தொடங்கியது; சாய்ந்த விதத்திலிருந்தே உள்ளே நடப்பது அவளுக்கு விளங்கியது. மூலக்கூறுகள் நேராகப் புரதத்தின் வாசலுக்கு வரவில்லை. முதலில் கொழுப்பில் ஊறின. ஊறி நகர்ந்து, புரதத்தின் பக்கவாட்டில் இருந்த ஓர் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தன. சோயாத் தட்டில் அந்த இடுக்கு மூடிக் கிடந்திருக்கிறது. எண் ஏழு புள்ளி நான்கு.

விர்ஜிலா அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, இருபது கடற்கரைக்காரர்களை வரவழைத்து அளந்து அறிக்கை எழுதினாள். ஒவ்வொன்றின் அடியிலும் வழக்கம்போல் ஒரு வரி. ‘இன்றைய உடலில் எடுத்த எண். உண்ணும் கொழுப்பு மாறினால் எண்ணும் மாறலாம்.’

மனு போட்ட இருபத்தெட்டாவது நாள் சென்னையில் விசாரணை. பிடி ஆணையத்தின் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பேராசிரியர் நீலாயதாட்சி. நியமத் தட்டைச் சட்டமாக்கியவர்.

“ஆளுக்கொரு தோல்ல அளந்தா எதை எதோட ஒப்பிடறது?” என்று கேட்டார் அவர்.

“ஒப்பிட்டு என்ன செய்ய மேடம்? அவருக்கு இருக்கியது ஒரு நெஞ்சுதான். அது டெல்லிக்காரருக்க நெஞ்சோட பந்தயம் ஓடப் போகல்ல.”

உறுப்பினர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். விர்ஜிலா அதைக் கவனித்தாள். பேசி ஆகாது என்று தெரிந்தது.

“மேடம், நீங்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகீங்களா?”

“இரத்தக் கொதிப்புக்கு. பன்னிரண்டு வருஷமா. எண் எட்டு புள்ளி ரெண்டு.”

“உங்களுக்க கன்னத்துல கொஞ்சம் எடுத்துக்கிடட்டா?”

மண்டபத்தில் சிறு சலசலப்பு எழுந்தது. நீலாயதாட்சி யோசித்தார்; பிறகு வாயைத் திறந்தார். ஆணையத்தின் சொந்தப் பிடிமானியிலேயே விர்ஜிலா அவருடைய செல்லின் தோலை விரித்தாள். அரைமணியில் எண் திரையில் வந்தது. மூன்று புள்ளி ஒன்பது.

“அப்போ இத்தனை நாள் என் கொதிப்பை அடக்கினது யாரு?” என்று நீலாயதாட்சி மெதுவாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விர்ஜிலாவும் சிரித்தாள். வென்றுவிட்டோம் என்ற சந்தோஷத்தில், அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை.

நீலாயதாட்சி அறிக்கையை எடுத்துக் கடைசிவரை படித்தார். அடியில் இருந்த வரியையும் படித்தார். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வரியைக் கேலி செய்யாமல் படித்த முதல் ஆள் அவர்தான்.

“சாப்பிடற கொழுப்பு மாறினா எண் மாறுமா?”

“மாறலாம் மேடம்.”

“நிச்சயமா?”

“உண்மை அதுதான். அளந்தவ எழுதணும் இல்லியா.”

நீலாயதாட்சி பாராட்டுவதுபோல் தலையசைத்து, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மனு ஏற்கப்பட்டது; மறுநாள் காலை பெட்டி திறந்து ததேயுவுக்குத் தாளினி விழுந்தது. ஈஸ்டருக்கு முன்பே அவன் கடலுக்குப் போனான். மே மாதம் புதிய விதி வந்தது. நியமத் தட்டு ஒழிந்தது. இனி யாருக்கும் அவரவர் தோலில்தான் அளவை. கண்டுபிடித்தவரைக் கௌரவிக்க ஆணையம் அதற்கு விர்ஜிலா விதி என்றே பெயர் வைத்தது. லில்லிபாய் ஒரு பை நிறையச் சாளையோடு சன்னலுக்கு வந்தார். “இப்பமாவது எனக்க நெஞ்ச நம்புனியே” என்றார். ததேயு குளச்சல் துறைமுகம் முழுக்க, ‘எனக்க வீட்டுக்காரி பேருல சட்டம் கெடக்கு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விதியில் ஏழு பிரிவுகள். ஏழாவது பிரிவு, விர்ஜிலா அடியில் எழுதிய வரிதான். அச்சில் கொஞ்சம் நீண்டிருந்தது. அளவை எடுத்த நாளின் கொழுப்பில் உடல் இருக்கும்வரைதான் எண் செல்லும். அதைச் சரிபார்க்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நாக்குச் சீட்டு பொருத்தினார்கள். காலையில் எழுந்து சீட்டில் நாக்கை வைத்தால், உடம்பின் கொழுப்பைப் படித்துவிட்டுப் பெட்டி முடிவு செய்யும்.

விர்ஜிலாவுக்கு அது மிகச் சரியாகப் பட்டது. மற்ற மாவட்டத்து ஊழியர்களுக்கு அவளே பயிற்சி கொடுத்தாள். சன்னலில் அவள் கேட்கிற முதல் கேள்வி மாறியது. “என்ன எண்ணெயில சமைக்கீங்க?” கல்யாண வீடுகளுக்கு ஆட்கள் தங்கள் எண்ணெய்ப் பாட்டிலோடு போனார்கள். மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி, மாமியாரின் தேங்காய் எண்ணெயால் தன் வலிப்பு மாத்திரை நின்றுவிட்டது என்று வந்து அழுதாள். தனிச் சட்டி வைத்து நல்லெண்ணெயில் சமைத்துக்கொள்ளும்படி விர்ஜிலா அன்பாக யோசனை சொன்னாள்.

ஜூன் மாதம் மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகுகள் கரையேறின. ஆடி பிறந்ததும் கடல் கொந்தளித்து, கட்டுமரமும் போகவில்லை. சாளையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. குளச்சல் முழுக்க, வருடாவருடம் போல், கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் எப்போதாவது ஒரு துண்டு கருவாடும்தான்.

ஆடி ஐந்தாம் தேதி காலை, ததேயு சீட்டில் நாக்கை வைத்தான். பெட்டி யோசித்தது. பிறகு தன்மையான பெண் குரலில் சொன்னது. “உங்கள் பிடி எண் தற்போது நான்கு புள்ளி மூன்று. விர்ஜிலா விதி, பிரிவு ஏழின்படி இன்று மருந்து இல்லை.”

ததேயு திரும்பி மனைவியைப் பார்த்தான். கோபம் இல்லை. “என்ன விர்ஜி, உனக்க பேரச் சொல்லுகு.”

அவள் கையில் கிழங்குச் சட்டி இருந்தது. கீழே வைத்தாள். “புதுசா மனு போடுகேன். தடைக்காலத்துக்குத் தனி எண் கேப்பம்.”

“அதுவரைக்கும்?”

“சாளை எண்ணெய் குப்பி எங்கயாவது கெடைக்குமான்னு பாக்கேன்.”

“நான் ஒண்ணு கேக்கட்டா? போன ஆடியில நான் என்ன தின்னேன்?”

“கிழங்கு.”

“அதுக்கு முந்துன ஆடியில?”

விர்ஜிலா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது ஆடி. ஒன்பதிலும் கிழங்கு, கஞ்சி. ஒன்பதிலும் அதே தாளினி, அதே நெஞ்சு, ஒரு நாளும் தாளம் தப்பியதில்லை. அந்த ஆடிகளை யாரும் அளக்கவில்லை. அவள் அளந்தது மார்ச் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை. சோயாத் தட்டை ஒழித்துவிட்டு அந்தக் காலைப்பொழுதையே ஒரு தட்டாகச் செய்து இவன் தலையில் கட்டியிருக்கிறாள். சென்னையில் நீலாயதாட்சி கேட்ட கேள்வி இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மூன்று புள்ளி ஒன்பது உள்ள ஒருவருக்கு, பன்னிரண்டு வருடம் கொதிப்பு எப்படி அடங்கிக் கிடந்தது? அன்று எல்லாரும் சிரித்தார்கள். சன்னலில் தனிச் சட்டி வாங்கச் சொல்லி அனுப்பிய மதுரைப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

“கையக் குடுங்க” என்றாள்.

ததேயு கையை நீட்டினான். மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எழுபத்திரண்டு. சீராக இருந்தது. நேற்றைய மாத்திரை இன்னும் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்.

“படகு ஸ்க்ரூடிரைவரு எங்க கெடக்கு?”

“எதுக்கு?”

“எடுத்துக்கிட்டு வாங்க.”

“உனக்கு வேல போவும் புள்ள.”

“போவட்டும். போறதுக்குள்ள இந்த வீட்டுப் பெட்டியத் திறந்துட்டு சன்னலுக்குப் போகணும். அந்த மதுரைக்காரப் புள்ளைய இன்னைக்கே வரச் சொல்லணும். லில்லியக்காவுக்கும் அடைச்சிருக்கும், அதையும் கழத்தணும்.”

அவன் கொண்டுவந்து கொடுத்தான். சுவரில் பெட்டியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் முதலாவதில் அவள் முனையைப் பொருத்தித் திருகினாள். பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

“பெட்டியைக் கழற்றுவது தண்டனைக்குரிய குற்றம். உங்கள் பாதுகாப்புக்காக, விர்ஜிலா விதியின்படி இது பதிவு செய்யப்படுகிறது.”

“பதிஞ்சுக்க” என்று சொல்லிவிட்டு, விர்ஜிலா இரண்டாவது திருகாணிக்குப் போனாள்.